கல்லுக்குள் இருக்கும் சுருள் ஓடு காலத்தைச் சொல்லுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, பாறைகளுக்குள் கிடைக்கும் புதைபடிவங்களைப் பற்றியவை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவையே மிகுதி என்பதில் வியப்பில்லை. டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகளை ஆராய்பவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த நிலத்தின் பெயரை அறிவார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன்.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் காரை ஊருக்கு அருகிலுள்ள ஓடையிலிருந்து ஆட்டுக்கொம்பைப் போலச் சுருண்ட கல் ஒன்றை எடுத்து வந்தான். படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதன் வயது என்ன என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா?
– ஓர் ஆசிரியை, பெரம்பலூர் மாவட்டம்

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அம்மோனைட். கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் தூரத்து உறவான இந்தக் கடலுயிர், சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டே வளர்ந்து, கடைசி அறையில் குடியிருந்தது. இன்று முள்மரமும் வெடித்த களிமண்ணுமாகக் கிடக்கும் காரை ஓடைகள் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தன என்பதற்கான சான்றை உங்கள் மாணவன் தன் கையாலேயே எடுத்து வந்திருக்கிறான்.

வயதைப் பற்றிய உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ‘எத்தனை ஆண்டு?’ என்பது ஒன்று. ‘எதற்கு முந்தியது, எதற்குப் பிந்தியது?’ என்பது மற்றொன்று. புதைபடிவம் நேரடியாக விடை சொல்வது இரண்டாவது கேள்விக்குத்தான். ஒரு வீட்டில் அண்ணன் யார், தம்பி யார் என்று அறிந்துகொள்ளப் பிறந்த தேதி தெரிய வேண்டியதில்லை அல்லவா? அப்படி முன்பின் முறையால் அறியப்படும் வயதை ஒப்பு வயது என்று சொல்வார்கள்.

அதற்கு அடிப்படைகள் இரண்டு. ஏரியில் தூர் வாரும்போது வெட்டப்பட்ட மண்சுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போன ஆண்டு வெள்ளம் கொண்டுவந்த வண்டல் மேலே இருக்கும். பாட்டன் காலத்து வண்டல் அதற்கு வெகு கீழே இருக்கும். கலைக்கப்படாத படிவுகளில் கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது என்பது முதல் அடிப்படை. ஆனால் இது ஒரே இடத்துக்குள் மட்டுமே பயன்படும். ஓர் ஊர்க் கிணற்றில் தெரியும் களிமண் அடுக்கு, பத்துக் கல் தள்ளியுள்ள ஊரில் எந்த அடுக்கோடு சேரும் என்பதை மண்ணின் நிறத்தை வைத்துச் சொல்ல இயலாது. மணல் எக்காலத்திலும் மணல்தான். இன்று மெரினாவில் ஒதுங்கும் மணலும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கரையில் ஒதுங்கிய மணலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கக்கூடும். உயிர்கள் அப்படியல்ல. ஓர் உயிரினம் தோன்றுகிறது, சில காலம் வாழ்கிறது, அற்றுப்போகிறது. அற்றுப்போனது அதே உருவில் மறுபடியும் தோன்றியதற்குச் சான்று கிடையாது. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஓட்டைத் தாங்கிய பாறை, அந்த உயிர் வாழ்ந்த காலப்பகுதிக்குள்தான் படிந்திருக்க வேண்டும். அதே ஓடு பத்துக் கல் தள்ளியோ கடல் கடந்தோ கிடைத்தால், அங்குள்ள பாறையும் ஏறத்தாழ அதே காலத்தது. இது இரண்டாவது அடிப்படை.

உங்கள் பகுதியில் இதை நடந்தே பார்க்கலாம். ஊட்டத்தூரை ஒட்டிய நிலத்திலிருந்து கிழக்கே அரியலூர் நோக்கிப் பாறை அடுக்குகள் மெல்லச் சரிந்து கிடக்கின்றன. சாய்த்து வைத்த ஏட்டுக் கட்டைப் போல ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் தரையில் தலைகாட்டுவதால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் காலத்தில் கீழிருந்து மேலே ஏறுகிறார். 1840களின் தொடக்கத்தில் இப்பகுதியிலும் புதுச்சேரி, விருத்தாசலம் பக்கங்களிலும் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் திரட்டிய ஓடுகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு இந்நிலத்தை அளந்து வரைபடமாக்கி, பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று நம் ஊர்ப்பெயர்களாலேயே பிரித்தார். அவற்றிலுள்ள உயிர்வகைகளை ஒவ்வொன்றாக விவரிக்கும் பெரும்பணியை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா செய்தார். இன்றைய மொராவியாவில் பிறந்து, நம் ஊட்டத்தூர்ச் சிப்பிகளுக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1874இல் லடாக்கில் ஆய்வுப் பயணத்தின்போதே உயிர்விட்ட அவரை நம் பாடநூல்கள் நினைவுகூர வேண்டும் என்பது என் விருப்பம்.

அடியிலுள்ள ஊட்டத்தூர்த் தொகுதியில்தான் உங்கள் காரை வருகிறது. மழை அறுத்த அந்தக் களிமண் ஓடைகளில் ஜிப்சம் கண்ணாடிக் கீற்றாக மின்னும். அதன் நடுவே பழுப்பு நிறத்தில், உடைந்த பென்சில் துண்டைப் போலக் கிடப்பவை பெலம்னைட்டுகள். இவையும் கணவாய் இனத்தவையே. கிழக்கே போனால் கருடமங்கலத்தில் ஓடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும் கல் கிடைக்கும். அதை வெட்டி மெருகேற்றித் ‘திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்’ என்ற பெயரில் அலங்காரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இது இரண்டாவது தொகுதி. அதற்கும் மேலே, அரியலூர்த் தொகுதியைச் சேர்ந்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரிஃபியா என்னும் கனத்த சிப்பிகள் திட்டுத் திட்டாகப் படிந்துள்ளன. இவை எல்லாவற்றுக்கும் மேலே கிழக்கில் கிடக்கும் நின்னியூர்ப் படிவுகளுக்கு வந்துவிட்டால் அம்மோனைட் ஒன்றுகூடக் கிடைக்காது. டென்மார்க்கின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து முதலில் பெயர் பெற்ற ஒருவகை நாட்டிலஸ் (அம்மோனைட்டைப் போலச் சுருண்ட ஓடுள்ள வேறொரு கடலுயிர்) ஓடு அங்கே இருக்கிறது. முதலில் அரியலூர்த் தொகுதிக்குள்ளேயே எண்ணப்பட்ட நின்னியூரைப் பின்னர் தனித்தொகுதியாகப் பிரித்ததற்குக் காரணம் இந்த உயிர்வகை மாற்றமே. அதாவது, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் அற்றுப்போன அந்தப் பேரழிவின் இரண்டு பக்கங்களும் அரியலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

இனி உங்கள் மாணவனின் கல்லுக்கு வருவோம். சுருளின் வெளி முதுகை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வயல் வரப்பைப் போல ஒரே கோடாக மேடு ஓடி, இருபுறமும் தடித்த விலாக்கோடுகள் இருந்தால் அது மார்டோனிசெராஸ் வகையாக இருக்கலாம். அப்படியானால் 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முந்தையது. வரப்பு இல்லாமல் முண்டுகள் வரிசையாக நின்றால் அகாந்தோசெராஸ் வகையாக இருக்கலாம். அது அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பிந்தியது. இரண்டும் ஊட்டத்தூர்த் தொகுதியிலேயே கிடைக்கின்றன, முன்னது கீழேயும் பின்னது மேலேயும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத புதைபடிவம் பாதிச் செய்தியை இழந்துவிட்டது. அவன் அதை மண்சுவரிலிருந்து எடுத்தானா, மேலிருந்து உருண்டு ஓடைத் தரையில் கிடந்ததை எடுத்தானா என்று இன்றே கேட்டு ஒரு தாளில் எழுதிக் கல்லோடு கட்டி வையுங்கள். அடுத்த முறை எடுக்காமல் படம் மட்டும் பிடித்து வந்தால் இன்னும் நல்லது. அந்த நிலத்தில் வண்டி வண்டியாக ஓடுகள் அள்ளப்பட்டு எங்கிருந்து வந்தவை என்றே தெரியாமல் போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் இடத்தைவிட்டுப் பெயரும்போது ஏட்டிலிருந்து ஓர் எழுத்து அழிகிறது.

பாறையின் வயதைப் புதைபடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள். புதைபடிவத்தின் வயதைப் பாறையை வைத்துச் சொல்கிறார்கள். இது செக்குமாட்டு வாதம் அல்லவா? பரிணாமக் கொள்கையை முதலில் நம்பினால்தானே இது நிற்கும்?
– கல்லூரி மாணவர், திருச்சி

நியாயமான ஐயம். இதற்கு வரலாறே விடை சொல்லும்.

அடுக்குகளின் முன்பின் முறையை 1669இல் நூலாக எழுதி வைத்தவர் டென்மார்க்கில் பிறந்து இத்தாலியின் டஸ்கனியில் பணியாற்றிய நிக்கோலஸ் ஸ்டெனோ. அவரிடம் உயிரினங்களின் வரிசை பற்றிய கொள்கை ஏதும் இல்லை. அந்த வரிசையைக் கண்டவர் வில்லியம் ஸ்மித் என்ற ஆங்கிலேய நில அளவையாளர். 1769இல் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர் உயர்கல்வி பெற்றவர் அல்லர். 1790களில் சாமர்செட் பகுதியில் நிலக்கரி ஏற்றிச்செல்ல வெட்டப்பட்ட கால்வாயில் வேலை பார்த்தபோது, பூமியை நீளவாக்கில் அறுத்துக் காட்டியதைப் போல அடுக்குகள் அவர் கண்முன் விரிந்தன. பார்வைக்கு ஒரே மாதிரியான களிப்பாறைகள் பல இருந்தன. அவற்றுக்குள் இருந்த ஓடுகளோ அடுக்குக்கு அடுக்கு வேறுபட்டன, எந்த ஊரில் வெட்டினாலும் அதே வரிசையில் வந்தன.

பாத் நகரில் பெஞ்சமின் ரிச்சர்ட்சன் என்ற பாதிரியார் அழகழகான புதைபடிவங்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1799இல் ஸ்மித் அவற்றைப் பார்த்தார்; இது இன்ன அடுக்கு, இது அதற்கு மேலடுக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்தினார். சேர்த்தவருக்கே தெரியாத செய்தியைச் சேர்ப்புக்கு வெளியிலிருந்து வந்தவர் சொன்னதில் பாதிரியார் திகைத்துப்போனார். அந்த ஆண்டே ஸ்மித் சொல்லச் சொல்ல அடுக்குகளின் பட்டியலை அவர் எழுதிக்கொண்டார். 1815இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மாபெரும் நிலவியல் வரைபடத்தை ஸ்மித் வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில் கடனுக்காகச் சிறை சென்றார். 1831இல்தான் லண்டன் நிலவியல் கழகம் தன் முதல் வொல்லாஸ்டன் பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

தேதிகளைக் கவனியுங்கள். ஸ்மித் 1839இல் இறந்தார். டார்வினின் நூல் வெளியானது 1859இல். ஸ்மித்தின் காலத்திலேயே பாரிஸைச் சுற்றியுள்ள அடுக்குகளை பிரோன்யாருடன் சேர்ந்து வரிசைப்படுத்திய பிரெஞ்சு அறிஞர் குவியே, உயிரினங்கள் மாறுகின்றன என்ற கருத்தையே மறுத்தவர். எனவே வரிசை, பரிணாமக் கொள்கையிலிருந்து பிறக்கவில்லை. கால்வாயிலும் கல் வெட்டும் குழியிலும் கண்ணால் கண்டு எழுதப்பட்டது. முதலில் அடுக்கின் மேல்கீழ் நிலை, அதைக் கொண்டு ஓடுகளின் வரிசை, அந்த வரிசை நூறு இடங்களில் பொய்க்காமல் வந்த பிறகே ஓட்டைக் கொண்டு அடுக்கை அறிவது என்பதுதான் நடந்த ஒழுங்கு.

மேலும், பாறையின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்வது புதைபடிவத்தை நம்பியதே அல்ல. எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்கான் படிகத்துக்குள் யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கிறது. யுரேனியம் 238இன் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் படிகம் உருவான காலம் கிடைக்கும். இம்முறையின் முதல் முயற்சிகள் 1907இல் போல்ட்வுட்டும் 1911இல் ஆர்தர் ஹோம்ஸும் செய்தவை. கேம்பிரியன் முதல் கிரெட்டேசியஸ் வரையிலான காலப் பிரிவுகளின் பெயர்கள் பெரும்பாலும் 1841க்குள்ளேயே வைக்கப்பட்டுவிட்டன. எழுபது ஆண்டுகள் கழித்து வந்த கதிரியக்கக் கணக்கு அந்தப் பெயர்களுக்கு எண்களைக் கொடுத்ததே தவிர, வரிசையைத் தலைகீழாக்கவில்லை. இரண்டு தனித்தனிச் சாட்சிகள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே செய்தியைச் சொல்வதை வழக்காடு மன்றமும் ஏற்றுக்கொள்ளும்.

மலைகள் எழும்பும்போது அடுக்குகள் மடிந்து புரண்டுவிடும் என்கிறார்கள். அப்படியானால் ‘கீழே இருப்பது பழையது’ என்பதை எப்படி நம்புவது?
– வாசகர், நாமக்கல்

நம்பக் கூடாத இடங்கள் உண்டு. அங்கேதான் புதைபடிவம் தன் முழு வலிமையைக் காட்டுகிறது.

ஸ்காட்லாந்தின் தெற்கு மேட்டுநிலத்தில் கரும்பலகை போன்ற களிப்பாறைகளும் கடினமான மணற்பாறைகளும் மைல்கணக்கில் நிற்கின்றன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை என்று கணக்கிட்டவர்கள் மலைக்கத்தக்க தடிமனைச் சொன்னார்கள். காலஷீல்ஸ் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்த சார்லஸ் லாப்வொர்த்துக்கு அதில் ஐயம் எழுந்தது. விடுமுறை நாட்களில் மொஃபட் பக்கத்து ஓடைகளில் ஏறி இறங்கி, கறுத்த களிப்பாறைத் தகடுகளைப் பிளந்து பிளந்து பார்த்தார். அவற்றின் மேல் சிறிய ரம்பப் பற்களைப் பென்சிலால் வரைந்ததைப் போலக் கிராப்டோலைட்டுகள் ஒட்டிக்கிடந்தன. கடலில் மிதந்து வாழ்ந்து, இறந்ததும் அடியில் படிந்த கூட்டுயிர்கள் அவை. ஒவ்வோர் அங்குலமாக அவற்றின் வகைகளைக் குறித்துக்கொண்டே போனபோது, ஒரே வரிசை மேலிருந்து கீழாகவும், அடுத்த மடிப்பில் கீழிருந்து மேலாகவும், மறுபடி முன்போலவும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். பெரும் தடிமன் என்று எண்ணப்பட்டது, மெல்லிய ஒரே அடுக்குக் கட்டு, புடவைக் கொசுவத்தைப் போல மடிந்து மடிந்து நின்றதுதான். இதை அவர் 1878இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, செட்ஜ்விக், மர்ச்சிசன் என்ற இரு பெரியவர்கள் பல்லாண்டுகளாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த பாறைகளுக்கு ஆர்டோவிசியன் என்ற தனிப்பெயரை முன்வைத்து அந்த வழக்கையும் தீர்த்தார். அவர் நடந்த டாப்ஸ் லின் என்ற ஓடைப்பள்ளம்தான் இன்று ஆர்டோவிசியனை அடுத்த சிலூரியன் காலத்தின் தொடக்கத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட எல்லைக்குறி. பள்ளி ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் செய்த வேலை இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மலைகளில் இதைவிடப் பெரிய தலைகீழ். அங்கே 25 முதல் 30 கோடி ஆண்டுப் பழமையான பாறை, 5 கோடி ஆண்டுக்கும் குறைவான பாறையின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறது. இடையே கத்தியால் கீறியதைப் போன்ற கோடு தூரத்திலிருந்தே தெரியும். பூமியின் தட்டுகள் நெருக்கியதால் பழைய பாறைப் பாளம் பல கிலோமீட்டர் தள்ளப்பட்டுப் புதியதன் மேல் ஏறிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் விதி பொய்க்கவில்லை. படிந்த ஒழுங்கு பின்னர் கலைந்திருக்கிறது, கலைந்ததைக் கண்டுபிடிக்க உள்ளே இருக்கும் உயிர்ச்சான்று உதவுகிறது. அலைவடுக்கள், காய்ந்த சேற்றின் வெடிப்புகள் போன்றவற்றைக் கொண்டும் ஓர் அடுக்கின் மேல்முகம் எது என்று கண்டுகொள்ளலாம்.

இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. பழைய பாறை கரையும்போது அதிலிருந்து விடுபட்ட ஓடு, புதிய வண்டலில் மறுபடி புதைந்துவிடக்கூடும். அத்தகைய ஓட்டில் தேய்மானமும் வேறு நிற மண்ணும் ஒட்டியிருக்கும். கூட இருக்கும் மற்ற ஓடுகளோடு அது பொருந்தாது. எனவேதான் ஒற்றை ஓட்டை நம்பாமல், ஓர் அடுக்கில் சேர்ந்து கிடைக்கும் கூட்டத்தையே பார்க்கிறார்கள்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலை பார்த்த என் மாமா, துளையிலிருந்து வரும் கல்துகளை உருப்பெருக்கியில் வைத்துப் ‘பூச்சி பார்ப்பார்கள்’ என்று சொல்வார். டைனோசர் எலும்பு போன்ற பெரிய புதைபடிவங்களை விட்டுவிட்டு ஏன் துகளைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

உங்கள் மாமா சொன்ன பூச்சிகள் பெரும்பாலும் ஃபோராமினிஃபெராக்களாக இருக்கும். ஒரே செல்லால் ஆன இக்கடலுயிர்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத சுண்ணாம்பு ஓட்டுக்குள் வாழ்பவை. மிதக்கும் வகைகள் கடலெங்கும் பரவி, விரைவாக உருமாறி வந்தவை. அரியலூரில் தரைமேல் தெரியும் அதே காலத்துப் பாறைகள், காவிரிப் படுகையின் கிழக்கே உங்கள் வயல்களுக்கு அடியில் மிக ஆழத்தில் புதைந்துள்ளன. துளைக்கருவி அங்கே போகும்போது ஒரு பெரிய ஓடு பட்டாலும் பொடியாகிவிடும்; ஒரு தேக்கரண்டித் துகளில்கூட ஃபோராமினிஃபெராக்கள் பல முழுதாகத் தப்பி வரும். அவற்றைக் கொண்டு துளை எந்தக் காலத்துப் பாறையில் போய்க்கொண்டிருக்கிறது என்று அறிந்து, பக்கத்துக் கிணற்றின் அடுக்குகளோடு பொருத்துகிறார்கள். இதில் நுணுக்கமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மேல் அடுக்கின் துகள் உதிர்ந்து கீழே விழுந்து கலந்துவிடும் என்பதால், துளையில் ஓர் உயிர்வகை கடைசியாகத் தென்படும் ஆழத்தை நம்ப மாட்டார்கள். மேலிருந்து கீழே போகையில் அது முதன்முதலாகத் தென்படும் ஆழத்தையே, அதாவது அந்த உயிர் அற்றுப்போன காலத்தையே, குறியாகக் கொள்வார்கள்.

காலம் காட்ட ஓர் உயிர்வகை தகுதி பெற வேண்டுமானால், அது குறுகிய காலமே வாழ்ந்திருக்க வேண்டும். பரந்த கடற்பரப்பில் வாழ்ந்திருக்க வேண்டும். ஏராளமாகக் கிடைக்க வேண்டும். எளிதில் அடையாளம் காணத்தக்கதாக இருக்க வேண்டும். அம்மோனைட் இதற்கு மிகச் சிறந்த சான்று. புதுச்சேரிக்கு அருகே கிடைக்கும், சுருளாமல் நேராக வளர்ந்த யூபாக்குலைட்டஸ் என்ற வகை, தென்னாப்பிரிக்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டப் பாறைகளில் கிடைக்கிறது. டைனோசர் எலும்புக்கு இத்தகுதிகள் குறைவு: நிலத்தில் வாழ்ந்தது, அரிதாகவே எஞ்சியது, பெரும்பாலும் துண்டாகவே கிடைக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் காலத்தை எலும்பைக் கொண்டு மட்டும் சொல்லவில்லை. கீழே அம்மோனைட் உள்ள கடற்படிவும் மேலே நின்னியூர்ப் படிவும் இருக்க, இடையில் அகப்பட்டவை என்பதால் கிரெட்டேசியஸின் இறுதிக்காலத்தவை என்று அறிகிறோம்.

ஓர் உயிர்வகை பாறையில் காணப்படாததால் மட்டும் அது அற்றுப்போனது என்று முடிவுகட்டுவதும் தவறு. சீலகாந்த் என்னும் மீனினம் கிரெட்டேசியஸோடு முடிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள்; 1938இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் மீனவர் வலையில் உயிரோடு சிக்கியது.

சாத்தனூர்க் கல்மரம் பழையதா, திருவக்கரைக் கல்மரங்கள் பழையவையா?
– பள்ளி மாணவி, விழுப்புரம்

சாத்தனூர்தான். ஆனால் மரத்தைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. 18 மீட்டர் நீளமுள்ள சாத்தனூர் மரம், கடற்சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் உள்ள திருச்சிராப்பள்ளித் தொகுதிப் பாறையில் கிடக்கிறது. ஆற்றில் அடித்துவரப்பட்டுக் கடலில் மூழ்கிப் புதைந்தது. திருவக்கரை மரங்கள் கடலூர் மணற்பாறையில் கிடக்கின்றன. அந்த மணற்பாறை அரியலூருக்குக் கிழக்கே கிரெட்டேசியஸ் பாறைகளின் மேல் போர்த்தியதைப் போலப் படிந்திருப்பதைக் காணலாம். மேலே இருப்பது பிந்தியது. ஆகவே திருவக்கரை பிந்தியது. இரண்டு ஊர்களுக்கும் நீ போய்வந்தால், மரத்தை மட்டும் பார்க்காமல் மரம் கிடக்கும் கல்லையும் குனிந்து பார்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சாளக்கிராம ஆராதனை உண்டு. என் பேரன் அது அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட்தான் என்கிறான். இரண்டும் ஒரே காலத்தவையா?
– ஒரு பாட்டி, ஸ்ரீரங்கம்

அம்மா, உங்கள் பேரன் சொன்னதில் பாதி சரி. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள் பலவற்றில் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட்டின் சுருளே. ஆனால் அரியலூரில் கிடைப்பது அதுவல்ல. முக்திநாத் பக்கத்து மலைகளில் ஸ்பிட்டி களிப்பாறை என்று பெயர் பெற்ற கறுப்பு நிற அடுக்கு ஒன்று உண்டு. பெரும்பகுதி, கிரெட்டேசியஸுக்கு முந்திய ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் கடலடியில் படிந்த அந்தச் சேறு, இமயம் எழும்பியபோது அவ்வளவு உயரத்துக்குத் தூக்கப்பட்டது. அதிலுள்ள அம்மோனைட் வகைகள் வேறு, ஊட்டத்தூர் வகைகள் வேறு. உங்கள் வீட்டுச் சாளக்கிராமம் காரைக் கல்லைவிட ஏறத்தாழ நான்கு, ஐந்து கோடி ஆண்டுகள் மூத்தது. நான் முன்னே குறிப்பிட்ட ஸ்டோலிச்கா, ஊட்டத்தூர் ஓடுகளை மட்டுமன்றி இந்த ஸ்பிட்டி பாறைகளையும் ஆராய்ந்தவர் என்பது உங்கள் பேரனுக்குப் பிடிக்கும்.

ஆற்றில் உருண்டு வந்த கல் என்பதால் அது எந்த அடுக்கில் கிடந்தது என்பதற்குக் குறிப்பு இல்லை. ஆனாலும் மேலே மலைச்சரிவில் அதே கறுப்புக் களிப்பாறையும், அதே உருண்டைக் கற்களும், அதே சுருள்களும் இன்றும் இடம் பெயராமல் இருப்பதால், உங்கள் கல்லின் இடம் ஏட்டில் எந்தப் பக்கம் என்பது தெரிகிறது. அதை உடைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. திருமஞ்சனம் செய்யும்போது, நீர் வழியும் வாய்ப்பகுதியைப் பேரனை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நெருங்கிய மெல்லிய விலாக்கோடுகள் நடுவழியில் இரண்டிரண்டாகப் பிரிந்து போவது தெரிந்தால், ஊட்டத்தூரின் தடித்த விலாக்கோடுகளுக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை அவனுக்கே புரியும்.